மிஞ்சிய லீவு 0.75 நாளா, 8.41 நாளா? டர்பனில் ஒரு கடைசிச் சம்பளக் கணக்கு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வர்த் வட்டாரத்தில் ஒரு மொத்த விற்பனைக் கடை. அரிசி, பருப்பு, மசாலா, பூஜைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். முதலாளியும் தமிழர், விற்பனைப் பிரிவில் இருந்த ஊழியரும் தமிழர். ஊழியர் 2021 மார்ச் 1ஆம் தேதி சேர்ந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 9 மணி நேரம், வாரம் 45 மணி நேர வேலை.

மாத அடிப்படைச் சம்பளம் 13,000 ரேண்ட். அதோடு பிடித்துத் தரும் ஆர்டருக்கு ஏற்பக் கமிஷன். வீட்டிலிருந்து கடைக்கு வந்து போக 650 ரேண்ட் போக்குவரத்துப் படி. ஓய்வுக்கால வைப்பு நிதிக்கு முதலாளி பங்காக மாதம் 975 ரேண்ட். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான். அதில் லீவைப் பற்றி இருந்தது ஒரே வரி: ஆண்டுக்கு 15 வேலை நாள்.

லீவு கேட்பது எப்போதும் வாய்மொழியாகத்தான். "அண்ணே, நாளைக்கு வரமாட்டேன், வீட்டுல காரியம்" என்று ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி, "சரி தம்பி" என்று ஒரு பதில். விண்ணப்பப் படிவம் கிடையாது. உறவாகப் பழகும் கடைகளில் இது சகஜம். நான்கு வருஷம் யாருக்கும் இதனால் தொல்லை வரவில்லை. வேலையை விடும்போதுதான் இதன் விலை தெரிந்தது.

ராஜினாமா

2025 ஜூலை 3, வியாழக்கிழமை ஊழியர் எழுத்தில் ராஜினாமா கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நோட்டீஸ் நான்கு வாரம். ஆகவே கடைசி நாள் ஜூலை 31.

மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸின் கடைசி வாரத்தில் எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாமா என்று அவர் கேட்டார். கடையின் கணக்கர் முடியாது என்றார். ஊழியருக்கு அது அடாவடியாகப் பட்டது. ஆனால் கணக்கர் சொன்னது சரி. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், பிரிவு 20, நோட்டீஸ் காலத்தில் ஆண்டு விடுப்பு எடுக்கும்படி முதலாளி வற்புறுத்தவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்கிறது. அந்த நாட்கள் காசாக வர வேண்டியவை. நோட்டீஸில் கரைத்துவிட்டால் ஊழியருக்கு வரவேண்டிய ஒரு தொகை சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

இரண்டு தொகை, இரண்டும் தவறு

வேலை முடிந்த ஏழு நாளுக்குள் பணம் தரவேண்டும். ஆகஸ்ட் 5ஆம் தேதி சம்பளச் சீட்டு வந்தது. ஜூலைச் சம்பளம் சரியாக இருந்தது. அதன் கீழே ஒரு வரி: எடுக்காத லீவு 0.75 நாள், 325 ரேண்ட்.

ஊழியர் தானாகப் போட்டு வைத்திருந்த கணக்கு 13,362 ரேண்ட். சட்டத்தில் 21 நாள் என்று இருப்பதை அவர் 21 வேலை நாள் என்று எடுத்துக்கொண்டார். முந்தைய ஆண்டில் 10 நாள், இந்த ஆண்டில் 6.75 நாள், ஆக 16.75 நாள் மிச்சம் என்றார். அடிப்படைச் சம்பளம், மாதச் சராசரிக் கமிஷன், போக்குவரத்துப் படி மூன்றும் சேர்ந்த 17,550 ரேண்டை 22ஆல் வகுத்து நாள் கூலி 797.73 என்றார். சட்டம் சொல்லும் 21 நாள் சனி ஞாயிறையும் சேர்த்த தொடர்ச்சியான நாட்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 15 வேலை நாள், ஆறு நாள் வேலை செய்பவருக்கு 18. எடுக்காத மருத்துவ விடுப்புக்கும் காசு உண்டு என்று நினைத்திருந்தார். அது கிடையாது.

இப்படி இரு தரப்பும் நாற்பது மடங்கு வித்தியாசத்தில் நின்றால் பேச்சு வேகமாகக் கெட்டுப்போகும். தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு லீவு நோட்டைக் கேட்டு வாங்குவது என்று ஊழியரும், அவருக்குக் கணக்குப் பார்த்த நாங்களும் முடிவு செய்தோம்.

லீவு நோட்டு

கெட்டி அட்டை போட்ட நோட்டு. ஆண்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி. வராத நாளுக்கு நீல மையில் 'எல்' என்று ஒரே குறி. ஏன் வரவில்லை என்பதற்குக் கட்டமே இல்லை. கடை பூட்டியிருந்த நாளுக்கும் அதே 'எல்', சாவு வீட்டுக்குப் போன நாளுக்கும் அதே 'எல்'.

2024ஆம் பக்கத்தில் 14 குறிகள்: ஜனவரி 1; ஜூன் 10, 11, 12; ஜூன் 24; அக்டோபர் 31, நவம்பர் 1; டிசம்பர் 23 முதல் 31 வரை ஏழு. ஓரத்தில் பென்சிலில், "மீதி 1, காலாவதி". 2025ஆம் பக்கத்தில் 8 குறிகள்: ஜனவரி 1, 2, 3, பிப்ரவரி 11, ஏப்ரல் 17, 18, 21, 22. கணக்கர் ஏழு மாதத்துக்கு மாதம் 1.25 வீதம் 8.75 நாள் வரவு வைத்து, 8ஐக் கழித்து, 0.75 என்றார். மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் 433.33. அதை 0.75ஆல் பெருக்கினால் 325.

கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் உள்ளே போன எண்களில்.

லீவு ஆண்டு எங்கே தொடங்குகிறது

கடை ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓர் ஆண்டாக வைத்தது. சட்டத்தில் விடுப்புச் சுழற்சி என்பது சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம். இவருக்கு அது மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: 2024 மார்ச் 1 முதல் 2025 பிப்ரவரி 28 வரை முடிந்த சுழற்சி ஒன்று, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை முடியாத சுழற்சி ஒன்று.

டிசம்பர் 31ஆம் தேதி மீதி காலாவதி என்ற கடை வழக்கமும் இதோடு விழுந்தது. சுழற்சி முடிந்து ஆறு மாதத்துக்குள் விடுப்பைக் கொடுத்தாக வேண்டும் என்பது முதலாளியின் மேல் உள்ள கடமை. அந்த ஆறு மாதம் தாண்டியும் எடுக்காத நாட்கள் தானாக அழிந்துபோகுமா என்பதில் தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே குரலில் இல்லை. இங்கே அந்தச் சிக்கல் எழவில்லை. ஜூலை 31 அன்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இவர் செப்டம்பரில் வேலையை விட்டிருந்தால் முடிந்த சுழற்சியின் மீதியை வாங்க இதைவிடக் கடினமான வாதம் தேவைப்பட்டிருக்கும்.

நாட்களை மறுபடி எண்ணுதல்

முடிந்த சுழற்சி, வரவு 15.

ஜூன் 9, ஞாயிறு, ஊழியரின் பாட்டி காலமானார். 10, 11, 12 மூன்று நாளும் ஆண்டு விடுப்பு அல்ல. பிரிவு 27இன் குடும்பப் பொறுப்பு விடுப்பு ஒரு சுழற்சிக்கு மூன்று நாள். பெற்றோர், தாத்தா பாட்டி, துணை, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர் இறந்தால் அதை எடுக்கலாம். மாமனார், மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் இது அடிக்கடி மனக்கசப்பைத் தருகிறது, ஆனால் சட்டம் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் ஜூன் 24. மூன்று நாள் ஏற்கெனவே தீர்ந்ததால் அந்த ஒரு நாள் ஆண்டு விடுப்பில் சேரும்.

தீபாவளி தென்னாப்பிரிக்காவில் அரசு விடுமுறை இல்லை. அக்டோபர் 31, நவம்பர் 1 இரண்டும் ஆண்டு விடுப்பு. 2025 பிப்ரவரி 11, தைப்பூசக் காவடி, அதுவும் அப்படியே.

டிசம்பர் 23 முதல் ஜனவரி 3 வரை கடை பூட்டியிருந்தது. அதில் வார நாட்கள் 10. ஆனால் டிசம்பர் 25, 26, ஜனவரி 1 மூன்றும் அரசு விடுமுறை. லீவுக்கு இடையில், வழக்கமாக வேலை செய்யும் கிழமையில், அரசு விடுமுறை வந்தால் அதற்கு ஈடாகச் சம்பளத்தோடு ஒரு நாள் கூடுதலாகத் தரவேண்டும். ஆக 7 நாள்தான் செலவு.

மொத்தம் 1 + 2 + 7 + 1 = 11. மீதி 4.

முடியாத சுழற்சிக்குப் பிரிவு 40. நான்கு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்தவருக்கு, வேலை செய்த அல்லது சம்பளம் பெற உரிமையுள்ள ஒவ்வொரு 17 நாளுக்கும் ஒரு நாள் ஊதியம். வேறு முறையில் கணக்கிட்டாலும் இதற்குக் குறையக் கூடாது. மார்ச்சில் 21 வார நாள், ஏப்ரலில் 22, மேயில் 22, ஜூனில் 21, ஜூலையில் 23, ஆக 109. அரசு விடுமுறைகளைக் கழிக்கக் கூடாது, அவையும் சம்பள நாட்களே. சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தால் மட்டும் கழிக்க வேண்டும், இவர் எடுக்கவில்லை. 109ஐ 17ஆல் வகுத்தால் 6.41. மாதம் 1.25 என்ற முறையில் ஐந்து மாதத்துக்கு 6.25தான் வரும், அது குறைவு.

ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் விழாவுக்காக ஏப்ரல் 17, 22 இரண்டு நாளும் லீவு கேட்டிருந்தார். இடையில் 18 புனித வெள்ளி, 21 குடும்ப தினம். நோட்டில் நான்கு 'எல்', உண்மையில் இரண்டு. 6.41இல் 2 போக மீதி 4.41.

இரண்டையும் கூட்டினால் 8.41 நாள்.

ஒரு நாளுக்கு எவ்வளவு

இதில்தான் சச்சரவு அதிகம். முதலில் 30ஆல் வகுத்த விவகாரம். 30 என்பது காலண்டர் நாள். வேலை நாளை அதன் வீதத்தால் பெருக்கினால் ஊழியருக்குச் சனி ஞாயிறு சம்பளம் போய்விடும். 21 காலண்டர் நாளை 433.33ஆல் பெருக்கினால் 9,100 ரேண்ட். அதே லீவை 15 வேலை நாளாக 433.33ஆல் பெருக்கினால் 6,500. ஒரே லீவுக்கு இரண்டு விலை வராது. பிரிவு 35 மாதச் சம்பளத்தை வாரச் சம்பளத்தின் நான்கே மூன்றிலொரு மடங்காகக் கொள்கிறது. 13,000ஐ 4.333ஆல் வகுத்தால் வாரம் 3,000, நாள் 600. இந்த வீதத்தில் 15 நாளுக்கு 9,000, காலண்டர் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. கணக்கரை இணங்க வைத்தது சட்டப் பிரிவு அல்ல, இந்தச் சரிபார்ப்புதான்.

அடுத்து கமிஷன். "லீவுல இருக்கிறவன் எதை வித்தான்?" என்பது முதலாளியின் கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் வேலையில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய ஊதியத்துக்குக் குறையாமல் லீவு ஊதியம் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. ஊதியத்தில் ஒரு பகுதியாவது நேரத்தை வைத்து அல்லாமல் கணக்கிடப்பட்டால், முந்தைய 13 வாரச் சராசரியை எடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 35. மே 2 முதல் ஜூலை 31 வரை சரியாக 91 நாள், 13 வாரம். கமிஷன் மேயில் 4,350, ஜூனில் 3,100, ஜூலையில் 4,250. மே 1 விடுமுறையாக இருந்ததால் மாதத்தை வெட்டிப் பிரிக்கும் வேலை மிச்சம். மொத்தம் 11,700; வாரத்துக்கு 900; நாளுக்கு 180. கமிஷன் கையில் வந்த தேதியை எடுக்காமல் சம்பாதித்த தேதியை எடுத்தது முக்கியம். ஜூலைக் கமிஷன் ஆகஸ்டில்தான் கைக்கு வரும், அதை விட்டிருந்தால் சராசரி வேறாகியிருக்கும்.

மூன்றாவது, படிகள். லீவு ஊதியத்தில் எவை சேரும், எவை சேராது என்பதற்குத் தொழிலாளர் அமைச்சர் 2003இல் வெளியிட்ட அறிவிப்பு இருக்கிறது. ஓய்வூதியம், வைப்பு நிதி, மருத்துவத் திட்டம் இவற்றுக்கு முதலாளி கட்டும் பங்கு சேரும். வேலைக்கு வந்து போகத் தரும் போக்குவரத்துப் படி சேராது. ஆகவே ஊழியர் சேர்த்த 650 வெளியே போனது, கணக்கர் விட்ட 975 உள்ளே வந்தது. 975ஐ 4.333ஆல் வகுத்தால் வாரம் 225, நாள் 45.

நாள் வீதம் 600 + 180 + 45 = 825 ரேண்ட். 8.41 நாளுக்கு 6,938.25. கொடுத்த 325 போக நிலுவை 6,613.25.

கடையின் 433.33 வீதத்தையே 8.41க்குப் போட்டால் 3,644.31 வரும். அதாவது இழப்பில் கிட்டத்தட்டப் பாதி நாட்களை எண்ணியதில், மறுபாதி வீதத்தில். பெரும்பாலானோர் நாட்களுக்காக மட்டும் சண்டை போட்டுவிட்டு வீதத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, 13,362ஐ எழுத்தில் கேட்காமல் இருப்பது. கூட்டிக் கேட்டால் பேரம் பேச இடம் இருக்கும் என்று ஊழியர் நினைத்தார். ஆனால் 21 வேலை நாள் என்ற ஒரு பிழையைக் கணக்கர் கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இரண்டாவது, பழைய நாட்கள். இதே நோட்டின் முந்தைய பக்கங்களிலும் அரசு விடுமுறைகள் லீவாகக் கழிந்திருந்தன: 2021 டிசம்பர் 27, 2022 டிசம்பர் 26, 27, 2023 ஜனவரி 2, அந்த டிசம்பரில் 25, 26, 2024 ஜனவரி 1. ஏழு நாள், இன்றைய வீதத்தில் 5,775 ரேண்ட். சிறிய தொகை அல்ல. ஆனால் இவை ஆறு மாதக் கெடுவைத் தாண்டிய சுழற்சிகளைச் சேர்ந்தவை, தீர்ப்புகள் பிரியும் இடம் இதுதான். உறுதியான 6,613.25ஐ இந்த வாதத்தோடு கட்டிப்போட வேண்டாம் என்று கடிதத்தில் சேர்க்கவில்லை.

மூன்றாவது, எங்கே போவது. தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் போகலாம். ஆண்டு வருமானம் சட்ட வரம்புக்குள் (2025 ஏப்ரல் 1 முதல் அப்போது நடப்பில் இருந்தது 2,61,748.45 ரேண்ட்) இருப்பவர்கள் பிரிவு 73ஏ வழியாக சிசிஎம்ஏ எனப்படும் சமரச, நடுவர் ஆணையத்துக்கும் நேரே போகலாம். இவர் வருமானம் சுமார் 2,02,800. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அதற்கு முன் ஏழு நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் அனுப்புவது என்று தீர்மானித்தார்.

நடந்தது

ஆகஸ்ட் 8இல் கடிதம் போனது. ஒரு பக்கக் கடிதம், ஒரு பக்க அட்டவணை. அட்டவணையில் ஒவ்வொரு 'எல்' குறிக்கும் எதிரே காரணம். பாட்டியின் இறப்புச் சான்றிதழ், லீவு கேட்ட வாட்ஸ்அப் செய்திகளின் படம், மூன்று மாதக் கமிஷன் சீட்டு இணைப்பில். "இத்தனை வருஷப் பழக்கத்துல காகிதம் அனுப்புறியே தம்பி" என்று முதலாளி போனில் வருத்தப்பட்டார். எழுத்தில் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 20இல், ஆணையத்திடம் சமரசம் கேட்கும் எல்ஆர்ஏ 7.11 படிவம் நிரப்பப்பட்டது. இங்கே பலர் சறுக்குவது ஓர் இடத்தில்: படிவத்தின் பிரதியை முதலில் எதிர்த் தரப்புக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான சான்றையும் சேர்த்தே ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சான்று இல்லாவிட்டால் வழக்கு நகராது. இவர் மின்னஞ்சலில் அனுப்பி அதன் அச்சுப் பிரதியை இணைத்தார்.

செப்டம்பர் நடுவில் சமரச அமர்வு. கணக்கர் அட்டவணையோடு நோட்டையும் கொண்டு வந்து வரிவரியாகப் பார்த்தார். அரசு விடுமுறைகள் ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டன. கமிஷனுக்கு அரை மணி நேரம். கடைசியில் நின்றது வைப்பு நிதிப் பங்கு: "ஜூலை வரை கட்டிட்டோமே, மறுபடி எதுக்கு?" கட்டியது வேலை செய்த மாதங்களுக்கு, கேட்பது எடுக்காத 8.41 நாளுக்கு. தொகை 378.45 ரேண்ட்தான். ஊழியர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார், ஆனால் 2003 அறிவிப்பைப் படித்ததும் கணக்கரே ஒத்துக்கொண்டார்.

முழு நிலுவையும் செப்டம்பர், அக்டோபர் கடைசியில் இரண்டு தவணையாகத் தருவது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. தவணை தவறினால் அதை நடுவர் தீர்ப்பாக மாற்றக் கேட்கலாம். இரண்டும் வந்தன. கைக்கு வந்தது முழுத் தொகை அல்ல. லீவுக் காசும் வருமானம்தான், இவருடைய வருமான அடுக்குக்கு உரிய 18 சதவீத வரி பிடிக்கப்பட்டது. இது முன்பே சொல்லப்படாததால் முதல் தவணையைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு நாள் கொதித்தார்.

மறுபடி செய்வதானால்

ராஜினாமாக் கடிதத்திலேயே லீவுப் பதிவின் நகலைக் கேட்டிருக்க வேண்டும். நோட்டீஸ் நாட்களில், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, அட்டவணையை வைத்துப் பேசியிருந்தால் ஆணையம் வரை போயிருக்காது என்பதே எங்கள் எண்ணம். கணக்கர் பிடிவாதக்காரர் அல்ல, அவருக்கு யாரும் காட்டவில்லை.

வரிப் பிடித்தத்தைக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கலாம்.

பழைய பக்கங்களில் கழிந்த அந்த ஏழு நாளைக் கேட்காமல் விட்டது சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. தனி வரியாகக் கடிதத்தில் சேர்த்து, சமரசத்தில் கடைசியாகப் பேசியிருக்கலாம் என்பது ஒரு பக்கம். சேர்த்திருந்தால் கணக்கர் நோட்டையே கொண்டு வந்திருக்கமாட்டார் என்பது மறுபக்கம். ஒவ்வொரு ஜனவரியிலும், கடை திறந்த வாரமே, டிசம்பர் பூட்டலுக்கு எத்தனை நாள் கழித்தார்கள் என்று கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கடையில் நோட்டு மாறிவிட்டது. இப்போது மூன்று குறிகள்: ஆண்டு விடுப்புக்கு ஒன்று, குடும்பப் பொறுப்புக்கு ஒன்று, அரசு விடுமுறைக்குச் சிவப்பு மையில் ஒன்று. லீவு கேட்பது மட்டும் இன்னும் குரல் செய்தியில்தான்.